நல்ல சாப்பாடு கிடைக்கும் பப்

இலண்டனில் நல்ல சாப்பாடு கிடைக்கும் பப் எது என்று என்னிடம் கேட்பவர்கள், அங்கே என்ன சமைக்கிறார்கள் என்பதையே அறிய விரும்புகிறார்கள். அதற்கு முன்னர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருப்பதாக நான் நினைக்கிறேன். ஒருவர் எதுவும் சாப்பிடாமல், ஒரு கிளாஸ் பியருடனோ ஓர் எலுமிச்சைச் சோடாவுடனோ அங்கே ஒரு மணித்தியாலம் நின்றுவிட்டுப் போக முடியுமா? முடியுமென்றால் அது பப். அங்கே சாப்பாடும் நன்றாக இருந்தால் அது நல்ல பப். முடியாதென்றால், வாசலில் தொங்கும் பலகையில் சிங்கம் இருந்தாலும் அன்னம் இருந்தாலும் அது உணவகம். உணவகமாக இருப்பதில் குற்றம் எதுவுமில்லை. ஆனால் உணவகத்துக்குப் போக விரும்புபவர் உணவகத்துக்கே போகலாமே. அதற்காக ஒரு பப் சாக வேண்டியதில்லை.

சாக வேண்டியதில்லை என்று எழுதுவது அலங்காரத்துக்காக அல்ல. 2000 ஆம் ஆண்டில் பிரித்தானியாவில் ஏறத்தாழ 60,000 பப்கள் இருந்தன. 2023 இல் அந்த எண்ணிக்கை ஏறத்தாழ 45,000 ஆகக் குறைந்துவிட்டது. மூடப்பட்டவற்றிற் பல அடுக்குமாடி வீடுகளாயின; சில பலசரக்குக் கடைகளாயின; சில வழிபாட்டு இடங்களாகவும் மாறின. மிஞ்சியிருப்பவற்றில் கணிசமானவை சாப்பாட்டினாலேயே பிழைத்தன. அப்படிப் பிழைத்தவற்றுள்ளும் எத்தனை இன்னும் பப்பாக இருக்கின்றன என்பது வேறு கணக்கு.

பப்ளிக் ஹவுஸ் என்பதன் சுருக்கமே பப். பொது வீடு. எங்கள் பருத்தித்துறையில் தெருமூடிமடம் என்று ஒன்று இருக்கிறது. வீதிக்குக் குறுக்கே கூரை போட்டு, இரு பக்கமும் திண்ணை கட்டி, வழியிற் போகிற எவரும் இருந்து இளைப்பாறிச் செல்லலாம் என்று விட்டிருக்கிறார்கள். மடத்தில் யாரும் எதையும் விற்பதில்லை என்ற பெரிய வேறுபாட்டை ஒதுக்கிவிட்டால், ஒரு பப்பின் இலட்சணத்தை ஈழத்தமிழருக்கு விளக்க இதைவிட நல்ல உவமானம் எனக்குக் கிடைக்கவில்லை. உள்ளே வருகிறவரை நீ யார், எவ்வளவு செலவழிக்கப் போகிறாய் என்று எவரும் கேட்பதில்லை.

சாப்பாட்டைப் பொறுத்தவரை அந்தப் பொது வீடுகள் நெடுங்காலம் வறுமைப்பட்டவையாகவே இருந்தன. பத்திரிகைக்காரன் என்ற முறையில் இலண்டன் வந்த புதிதில் நான் பார்க்கப் போனது பிளீட் ஸ்ட்ரீட்டை. 1986 இல் மேர்டொக்கின் பத்திரிகைகள் வொப்பிங்குக்குப் பெயர்ந்ததோடு தொடங்கிய வெளியேற்றத்தின் பின்னர், ரொய்ட்டர்ஸ் செய்தி நிறுவனமும் 2005 இல் அந்த வீதியை விட்டுப் போய்விட்டது. பப்கள் மட்டும் நின்றன. பெருந்தீக்குப் பின்னர் 1667 இல் மீளக் கட்டப்பட்ட 'யே ஓல்ட் செஷயர் சீஸ்' இருண்ட அறைகளோடு இருந்தது. அந்தக் காலத்து ஆங்கிலப் பத்திரிகையாளர்கள் மதிய உணவையும் குடித்தே முடித்தார்கள் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். கொழும்பில் இரவுப் பதிப்பு அச்சுக்குப் போனதும் கொத்து ரொட்டி தேடிப் போன எங்கள் ஆசிரிய பீடத்துக்கு இது விளங்காத விடயம். எங்களுக்குக் குடி இல்லாமற் போனாலும் போகலாம். சாப்பாடு இல்லாமற் போக முடியாது.

அவர்களுக்குக் கிடைத்ததெல்லாம் கச்சான், உருளைக்கிழங்குச் சீவல், வினாகிரியில் ஊறிய முட்டை, கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்து வெளியே வரும் பன்றியிறைச்சிப் பை. 'உழவர் மதிய உணவு' என்ற பெயரில் பாண் துண்டு, சீஸ், ஊறுகாய் ஆகியவற்றை ஒரு தட்டில் வைத்துக் கொடுப்பார்கள். நூற்றாண்டு காலப் பழைமை வாய்ந்தது போலத் தோன்றும் இந்தப் பெயரைப் பரப்பியது 1950 களில் சீஸ் வியாபாரத்தைப் பெருக்க முனைந்தவர்கள். பாணும் சீஸும் பழையவைதாம், பெயர் விளம்பரம். 1970 களில் கூடையில் வைத்த பொரித்த கோழி வந்தது. முதலாம் உலகப் போர்க் காலத்தில், 1915 இல், ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளர் குடித்துவிட்டு வேலைக்கு வருவதைத் தடுக்கக் கொண்டுவந்த பிற்பகல் மூடல் விதி, போர் முடிந்து எழுபது ஆண்டுகள் சென்ற பின்னர், 1988 இல்தான் சாதாரண நாட்களுக்கு நீக்கப்பட்டது. பகலில் சில மணித்தியாலங்கள் மட்டும் திறந்திருக்கும் இடத்தில் யார்தான் ஒழுங்காகச் சமையலறை நடத்துவார்கள்?

அதைவிடப் பெரிய தடை ஒன்று இருந்தது. பெரும்பாலான பப்கள் பியர் வடிக்கும் கம்பனிகளுக்குச் சொந்தமானவை. பப்பை நடத்துபவர் வெறும் வாடகைக்காரர். எந்தக் கம்பனியின் கட்டடமோ அந்தக் கம்பனியின் பியரையே, அது சொல்லும் விலைக்கு வாங்க வேண்டும். ஆங்கிலத்தில் இதற்குக் 'கட்டு' என்றே பெயர். கட்டுண்ட வாடகைக்காரருக்குப் புதிதாக எதையும் செய்து பார்க்கும் துணிவு வருவதில்லை. வந்தாலும் இலாபம் கம்பனிக்கே போகும். ஏகபோக ஆணைக்குழு 1989 இல் இதை ஆராய்ந்து அறிக்கை கொடுத்தது. அதே ஆண்டு அரசாங்கம் ஓர் ஆணை பிறப்பித்தது. 2,000 பப்களுக்கு மேல் வைத்திருக்கும் கம்பனிகள், அந்த 2,000 க்கு மேற்பட்ட தொகையில் பாதியை 1992 நவம்பருக்கு முன்னர் கட்டிலிருந்து விடுவிக்க வேண்டும் என்பதே அதன் சாரம். கம்பனிகள் ஆயிரக்கணக்கான பப்களைக் கைகழுவத் தொடங்கின. பாழடைந்த பப்களின் குத்தகை, கையிற் கொஞ்சம் காசு வைத்திருந்த இளைஞருக்கும் எட்டும் விலைக்கு வந்தது.

1991 ஆம் ஆண்டு மைக்கேல் பெல்பனும் டேவிட் எயரும் ஃபரிங்டன் வீதியில் 'ஈகிள்' என்ற பப்பை எடுத்தது இந்தப் பின்னணியில்தான். உணவகம் தொடங்க அவர்களிடம் போதிய பணம் இல்லை. எனவே பப்பையே எடுத்து, பியர் ஊற்றும் மேசைக்குப் பின்னால், எல்லோர் கண்ணிலும் படும்படி அடுப்பை வைத்தார்கள். ஒன்றோடொன்று பொருந்தாத பழைய கதிரைகள். மேசை விரிப்பு இல்லை. முற்பதிவு இல்லை. கரும்பலகையில் அன்றைய உணவு எழுதப்படும். நேரே போய்ச் சொல்லி, பணத்தைக் கொடுத்துவிட்டு வந்து இருக்க வேண்டும். பலகையில் பெரும்பாலானவை நாளுக்கு நாள் மாறும். போர்த்துக்கீச முறையில் ஊறவைத்த மாட்டிறைச்சியைப் பாணுக்குள் வைத்துத் தரும் 'பிஃபே ஆனா' மட்டும் மாறவில்லை. அதே வீதியில் சில கதவுகள் தள்ளி, 2008 வரை கார்டியன் பத்திரிகையின் அலுவலகம் இருந்தது. பத்திரிகையாளர்களுக்குப் பக்கத்தில் நல்ல சாப்பாட்டுக்கடை திறந்தால் அது நாட்டுக்கே தெரிந்துவிடும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. காஸ்ரோபப் என்ற பெயர் இதையொட்டியே பரவியது.

என் கருத்தில், ஈகிள் செய்த பெரிய காரியம் சமையலன்று. பியர் மட்டும் குடிக்க வந்தவரை அது வெளியேற்றவில்லை. அவருக்குப் பக்கத்திலேயே இன்னொருவர் தட்டில் ரிசொட்டோ சாப்பிட்டார், அவ்வளவுதான். இதே காலத்தில், 1992 இல், சோஹோவில் உள்ள 'பிரெஞ்சு ஹவுஸ்' பப்பின் மாடியறையில் ஃபேர்கஸ் ஹென்டர்சன் சமைக்கத் தொடங்கினார். 1994 இல் ஸ்மித்ஃபீல்ட் இறைச்சிச் சந்தைக்கு அருகில் 'சென். ஜோன்' உணவகத்தைத் திறந்து, ஈரல், நாக்கு, எலும்பு மச்சை என்று ஆங்கிலேயர் மறந்துபோன பாகங்களையெல்லாம் மீண்டும் தட்டுக்குக் கொண்டுவந்தவர் அவரே. எங்கள் ஊரில் குடலும் ஈரலும் ஒருபோதும் தட்டை விட்டுப் போகவில்லை என்பதால் எனக்கு அதில் அத்தனை வியப்பு ஏற்படவில்லை. நான் கவனிக்கச் சொல்வது வேறு. சமையல் மாடியில் நடந்தது. கீழே குடிப்பவர்கள் வழக்கம்போல நின்றார்கள். இருவரும் ஒருவர் வழியில் மற்றவர் குறுக்கிடவில்லை.

பிறகு வந்தவர்கள் இந்தச் சமநிலையைக் காக்கவில்லை. வெற்றி பெற்ற ஒன்றைப் பார்த்து நூறு பேர் பின்பற்றும்போது வெளிக்கோலம் மட்டுமே பின்பற்றப்படும். சுவருக்குச் சாம்பல் நிறம், கரும்பலகை, பழைய கதிரைகள் எல்லாம் வந்தன. உள்ளே போனால், "முற்பதிவு செய்திருக்கிறீர்களா?" என்று ஒரு பிள்ளை வாசலில் நின்று கேட்கத் தொடங்கியது. எல்லா மேசைகளிலும் கத்தியும் முள்ளும் அடுக்கப்பட்டிருந்தால், அரை பைன்ட் குடிக்க வந்த முதியவர் எங்கே இருப்பார்? பியர்க் கம்பனிகள் விற்ற பப்களை வாங்கியவர்கள் எல்லோரும் தனிமனிதரும் அல்லர். பப்களை மட்டும் ஆயிரக்கணக்கில் வைத்திருக்கும் புதிய கம்பனிகள் தோன்றி, பழைய கட்டை வேறு கையால் மீண்டும் போட்டன. பெரிய கம்பனிகளின் வாடகைக்காரர்கள் கட்டிலிருந்து விலகிச் சந்தை வாடகை மட்டும் கட்டும் வழி, இங்கிலாந்திலும் வேல்சிலும் 2016 இல்தான் சட்டமாக வந்தது. 2007 ஜூலை முதலாந் திகதி இங்கிலாந்தில் மூடிய பொது இடங்களில் புகைத்தல் தடை செய்யப்பட்டபோது, சிகரட்டோடு பியரும் குடித்தவர்கள் வீட்டிலேயே தங்கிவிட, சாப்பாட்டை நம்பாத பப்காரருக்கும் வேறு வழியில்லாமற் போயிற்று. 2011 இல் வெளியான 'குட் ஃபூட் கைட்' வழிகாட்டி, காஸ்ரோபப் என்ற சொல்லையே கைவிட்டது. சொல்லுக்குப் பொருள் தேய்ந்துவிட்டது என்பதை வழிகாட்டியே ஒப்புக்கொண்ட மாதிரி.

உயர்ந்த சமையல் பப்பில் கூடாது என்று நான் வாதிடவில்லை. ஃபுல்ஹாமில் உள்ள 'ஹாவூட் ஆம்ஸ்' 2010 இல் மிஷெலின் நட்சத்திரம் பெற்றது. மான் இறைச்சியைச் சுற்றிப் பொரித்த அதன் ஸ்கொட்ச் முட்டை பெயர் பெற்றது. ஸ்கொட்ச் முட்டை என்றவுடன் 2020 டிசம்பர் நினைவுக்கு வருகிறது. கொரோனாக் கட்டுப்பாட்டின்போது, இங்கிலாந்தின் பல பகுதிகளில் 'கணிசமான உணவு' ஒன்றுடன் மட்டுமே பப்பில் மது பரிமாறலாம் என்று விதி வந்தது. ஒரு ஸ்கொட்ச் முட்டை கணிசமான உணவா என்று அமைச்சர்கள் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் நாட்கணக்கில் விளக்கம் சொன்னார்கள். ஓர் அமைச்சர் ஆம் என்றார். இன்னொருவர் அது தொடக்க உணவு என்று சொல்லிவிட்டுப் பின்னர் கணிசமானதே என்றார். நாற்பது ஆண்டு காலப் பத்திரிகைத் தொழிலில் முட்டை பற்றிய கொள்கை விளக்கத்தை நான் அப்போதுதான் கேட்டேன். சிரித்தாலும் அதற்குள் ஓர் உண்மை இருந்தது: சாப்பாடு இல்லாத பப்புக்கு அந்த மாதங்களில் கதவைத் திறக்கும் உரிமையே இருக்கவில்லை.

சரி, நல்லதை எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்கென்று சில வழக்கங்கள் உண்டு. விலைப்பட்டியலில் லசானியா, சிக்கன் கறி, பேர்கர், மீன் பொரியல், தாய் நூடில்ஸ் என்று நாற்பது உணவுகள் இருந்தால் திரும்பி நடந்துவிடுவேன். ஒரு சிறிய சமையலறையில் இரண்டு பேர் நாற்பது உணவு சமைக்க முடியாது; உறைபெட்டிதான் சமைக்கிறது. ஆறேழு உணவுகள், அவற்றில் ஒன்று முடிந்துவிட்டதென்று கோடு இழுக்கப்பட்டிருந்தால் மனம் நிறையும். பிற்பகல் மூன்று மணிக்குச் சமையலறை மூடி ஆறு மணிக்குத் திறக்கும் என்று சொன்னால் கோபிக்கக் கூடாது. அங்கே களைத்துப்போகிற சமையற்காரர் ஒருவர் இருக்கிறார் என்று பொருள். எந்நேரமும் எல்லாம் கிடைக்கும் இடத்தில் களைப்படையாத நுண்ணலை அடுப்பு இருக்கிறது. ஒரு பெரிய ரயில் நிலையத்துக்கு எதிரே, பெயர் வேண்டாம், ஒரு பப்பில் இறைச்சிப் பை கேட்டேன். வந்தது ஒரு கிண்ணம் குழம்பும், அதன் மேல் தொப்பி போல மிதந்த மாவுத் தகடும். அடியிலும் பக்கத்திலும் மாவு இல்லாததைப் பை என்று சொல்லக் கூடாதென்பதில் நான் ஆங்கிலேயரை விடக் கடுமையானவன்.

ஞாயிறு மதியம் பொரிச்சுட்ட இறைச்சி ஒரு நல்ல சோதனை. பன்னிரண்டரைக்குப் போக வேண்டும். நாலு மணிக்குப் போனால் எந்தப் பப்பிலும் மாட்டிறைச்சி செருப்புத்தோலாகத்தான் இருக்கும். அதை வைத்துத் தீர்ப்புச் சொல்வது நியாயமன்று. இறுதியாக, நின்று குடிப்பவர்களைப் பார்ப்பேன். அந்தத் தெருவாசிகள் நாலு பேராவது நிற்காத பப்பில் சாப்பாடு எவ்வளவு நன்றாக இருந்தாலும் எனக்கு அங்கே இருப்புக்கொள்ளாது.

பரிசு பெற்ற சமையற்காரர் எவரும் இல்லாமலே இந்தச் சமநிலையைக் காத்தவர்கள் உண்டு. கென்சிங்டனில் 'சேர்ச்சில் ஆம்ஸ்' என்ற பப் இருக்கிறது. வெளியே சுவர் முழுவதும் பூச்சட்டி. முன்பக்கம் கூட்டமாக நின்று பியர் குடிக்கிறார்கள். பின்பக்கம் பல தசாப்தங்களாகத் தாய்லாந்துச் சாப்பாடு. ஆங்கிலப் பப்பில் தாய் உணவு என்பது இன்று இலண்டன் முழுவதும் காணும் காட்சி. இதன் பின்னாலுள்ள கணக்கு எளியது. பப்காரருக்குச் சமைக்கத் தெரியாது. குடியேறி வந்தவரிடம் உணவகம் திறக்கக் காசு இல்லை. சும்மா கிடக்கும் சமையலறையை ஒருவர் கொடுக்கிறார், மற்றவர் எடுக்கிறார். பெல்பனும் எயரும் தொடங்கிய நிலைமை இதிலிருந்து அத்தனை தூரமில்லை.

குடியேறியவர்களுக்குப் பப்பின் கதவு எப்போதும் திறந்திருந்ததாக எவரும் எண்ண வேண்டாம். 1960 களில் பல பப்கள் கறுப்பினத்தவரையும் ஆசியரையும் உள்ளே விடவில்லை. அல்லது ஓர் அறைக்குள் மட்டும் விட்டன. 1965 பெப்ரவரி 12 ஆம் திகதி மல்கம் எக்ஸ், பேர்மிங்ஹாமுக்கு அருகில் உள்ள ஸ்மெதிக் நகருக்கு வந்தார். இந்தியத் தொழிலாளர் சங்கத்தினர் அவரை அழைத்துச் சென்று, நிறவேற்றுமை கடைப்பிடிக்கப்பட்ட ஒரு பப்பையும் காட்டினார்கள். ஒன்பது நாட்களின் பின்னர் அவர் நியூயோர்க்கில் கொல்லப்பட்டார். பப் போன்ற பொது இடங்களில் இனப் பாகுபாட்டைத் தடை செய்யும் முதற் சட்டம் அதே ஆண்டின் இறுதியில் நடைமுறைக்கு வந்தது. சட்டம் வந்ததும் மனம் மாறிவிடாது. இரும்பு வார்ப்பாலைகளில் வேலை செய்த பஞ்சாபியர்கள் நாளடைவில் பப்களைத் தாங்களே எடுத்தார்கள். இரும்புத் தட்டில் சீறிக்கொண்டு வரும் இறைச்சி வாட்டலும் பியருமாக 'தேசி பப்' பிறந்தது. சவுத்ஹோலில் இருந்த 'கிளாசி ஜங்ஷன்', 2012 இல் மூடப்படும்வரை, இந்திய ரூபாயையும் ஏற்றுக்கொண்டது. இந்த வரலாற்றைப் பத்திரிகையாளர் டேவிட் ஜேசுதாசன் 2023 இல் 'தேசி பப்ஸ்' என்ற நூலாக எழுதியிருக்கிறார். வேண்டாம் என்று விரட்டப்பட்டவர்கள்தாம், விரட்டியவர்களின் பப்களிற் சிலவற்றை மூடாமற் காத்தார்கள்.

தமிழின் பெயரும் இப்போது பலகையில் ஏறிவிட்டது. தமிழகத்தைச் சேர்ந்த பிரின்ஸ் துரைராஜும் கிளென் லீசனும் 2022 இல் இஸ்லிங்டனில், பார்ன்ஸ்பரிப் பகுதியில் இருந்த ஒரு பப்பை எடுத்து 'தமிழ் பிரின்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். பொரித்த வெண்டிக்காய் அங்கே பெயர் பெற்றது. சென்னா பட்டூராவும் அப்படியே. அது பஞ்சாபியருடையது என்று முணுமுணுக்கும் தமிழர்களுக்கு, கொத்து ரொட்டி எங்கிருந்து வந்தது என்று விசாரிக்கும்படி சொல்வேன். 2023 இல் அவர்களே எலியா ஸ்ட்ரீட்டில் 'தமிழ் கிரௌன்' என்ற இரண்டாவது பப்பைத் திறந்தார்கள். அந்தக் கட்டடத்தில் முன்னர் இருந்த பப்பின் பெயர் 'சார்ள்ஸ் லாம்'. அயலில் 1820 களில் வாழ்ந்த கட்டுரையாசிரியர் அவர். சுட்ட பன்றியிறைச்சியின் சுவையை மனிதன் கண்டுபிடித்த விதம் பற்றி அவர் எழுதிய வேடிக்கைக் கட்டுரையைக் கல்லூரியில் படித்த தலைமுறை நாங்கள். தமது பெயருக்குப் பதிலாகத் தமிழ்க் கிரீடம் தொங்குவதைப் பார்த்தால் அவரும் சிரித்திருப்பார் என்றே நினைக்கிறேன்.

பெருமைப்பட்டுக்கொண்டு அப்படியே நின்றுவிடுகிற விடயம் அன்று இது. நம்மவர்களிற் பலருக்குப் பப் என்றால் இன்னும் குடிகாரர் கூடுமிடம். இந்த எண்ணம் ஊரிலிருந்து வந்தது. யாழ்ப்பாணத்துக் கள்ளுத் தவறணையில் பிளாவில் கள்ளு வார்த்து, பக்கத்தில் கருவாட்டுப் பொரியலும் நண்டுக் கறியும் வைப்பார்கள். பெரிய வீடுகளில் கிடைக்காத கைப்பக்குவம் அங்கே இருந்தது என்பது அங்கே போனவர்களுக்குத் தெரியும். ஆனால் போனதை யாரும் வெளியே சொல்வதில்லை. மரம் ஏறியவரின் சாதியும் கள்ளின் மணமும் சேர்ந்து அந்தச் சமையலையும் தீண்டாப்பொருள் ஆக்கிவிட்டன. பெண்கள் அந்தப் பக்கம் போவதென்ற பேச்சே இல்லை. இங்கிலாந்தின் பப் அப்படியன்று. பாட்டி, பேரப்பிள்ளை, நாய் எல்லோரும் ஒரே மேசையைச் சுற்றி இருக்கிறார்கள். குடிக்காதவரை எவரும் குறையாகப் பார்ப்பதில்லை. எனக்கு மருத்துவர் மதுவை நிறுத்தச் சொல்லிப் பல ஆண்டுகளாகிவிட்டன; ஜிஞ்சர் பியரோடு இருந்துதான் இதில் சொன்ன பலவற்றையும் பார்த்தேன்.

புதிதாகப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். குடும்பமாகப் போய் மேசையில் இருந்துகொண்டு, யாராவது வந்து கேட்பார்கள் என்று அரை மணித்தியாலம் காத்திருந்து, எங்களைக் கவனிக்கவில்லை, நிறவெறி என்று மனம் நொந்து எழுந்துவந்த தமிழர்களை நான் அறிவேன். பப்களில் பொதுவாக எவரும் வந்து கேட்பதில்லை. மேசையின் இலக்கத்தைப் பார்த்துக்கொண்டு, பியர் ஊற்றும் இடத்துக்கு ஒருவர் போய்ச் சொல்லி, அங்கேயே பணத்தைக் கொடுக்க வேண்டும். அங்கே வரிசை இருக்காது. ஆனால் யார் முதலில் வந்தார் என்பது நிற்கிற எல்லோருக்கும் தெரிந்திருக்கும். பிள்ளைகளோடு போவதானால் பின்னேரமே போய்விடுங்கள். பல பப்களில் இரவு ஏழு எட்டு மணிக்குப் பின்னர் சிறுவர்களை வைத்திருக்க விடமாட்டார்கள்.